ஒரே செய்முறை, வேறு அடுப்பு: ஓர் உரைத் தொகுப்பி புது இயங்குதளத்தில் குடியேறும் கதை

மாணவர்களே, ஈப்போவில் இருப்பவர்களுக்குக் குனோங் ராபாட் என்றதும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, சுண்ணாம்புக்கல் மலைகளும் அவற்றின் குகைகளும். மற்றொன்று ஹியோங் பியா பிஸ்கட். மேலே எள் தூவி, உள்ளே இனிப்புப் பாகு வைத்து, தேங்காய் மட்டை எரியும் களிமண் அடுப்பில் சுட்டெடுப்பது அதன் பழைய முறை.

உங்களிடம் அந்த பிஸ்கட்டின் செய்முறைத் தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவு எவ்வளவு, பாகு எவ்வளவு, எத்தனை நிமிடம் சுட வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் மின்சார அடுப்பில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கருகலாம், நடுவில் வேகாமல் போகலாம். செய்முறையில் தவறு இல்லை, அது வேறோர் அடுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, அவ்வளவுதான். அதனால் முதலில் உங்கள் அடுப்பைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு சூடாகிறது? மேலிருந்து சூடு வருகிறதா, கீழிருந்தா? தட்டு எத்தனை அடுக்கு? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு செய்முறையில் இரண்டு மூன்று வரிகளை மாற்றினால் போதும்.

கணினி உலகில் இதே வேலை நாள்தோறும் நடக்கிறது. அங்கே செய்முறைத் தாளுக்கு 'மூல நிரல்' என்றும் அடுப்புக்கு 'இயங்குதளம்' என்றும் பெயர். அடுப்பைச் சோதித்துச் செய்முறையைப் பொருத்தும் வேலை 'கட்டமைத்தல்' எனப்படும். இந்த வாரம் அதை ஓர் உரைத் தொகுப்பியின் கதையோடு பார்ப்போம். நீங்கள் கணினியில் 'அ' என்று தட்டினால் திரையில் 'அ' தெரிகிறதே, அதற்கும் இந்தக் கதைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

உரைத் தொகுப்பி என்றால் என்ன?

பள்ளிக் கட்டுரையைத் தட்டெழுதும் மென்பொருளில் எழுத்தைத் தடித்ததாக்கலாம், படம் சேர்க்கலாம், பக்கத்தின் ஓரத்தை மாற்றலாம். உரைத் தொகுப்பியில் இவை எதுவும் இல்லை. வெறும் எழுத்துகள் மட்டுமே அதில் இருக்கும். நிரல் எழுதுபவர்களுக்கு அதுதான் தேவை. மரவேலை செய்பவருக்கு உளி எப்படியோ, நிரலாளருக்கு உரைத் தொகுப்பி அப்படி. நோட்பேட், நானோ, ஈமேக்ஸ், விம் ஆகியவை எல்லாம் உரைத் தொகுப்பிகள்.

உரைத் தொகுப்பியும் ஒரு நிரல்தான். மனிதர் படிக்கக்கூடிய வடிவில் அதை எழுதி வைத்திருப்பதே மூல நிரல். விம், ஈமேக்ஸ் இரண்டின் அடிப்படைப் பகுதிகளும் 'சி' என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவை. இந்த மூல நிரலைக் கணினியின் செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. 'தொகுப்பான்' எனும் இன்னொரு மென்பொருள்தான் அதைச் செயலிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருகிறது. செய்முறை பிஸ்கட்டாக மாறுவது அங்கேதான்.

சுட்ட பிஸ்கட்டை எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஆனால் தொகுத்து முடித்த நிரலை எந்தக் கணினிக்கும் கொண்டுபோக முடியாது. விண்டோஸில் ஓடும் நிரல் உங்கள் கைப்பேசியில் ஓடாததைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. செயலிகள் புரிந்துகொள்ளும் கட்டளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு கோப்பைத் திறக்கவோ திரையில் எழுதவோ ஒவ்வோர் இயங்குதளத்திடமும் வெவ்வேறு விதமாகக் கேட்க வேண்டும். நிரல் சார்ந்திருக்கும் பொதுநூலகங்கள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஆகவே புது இயங்குதளத்துக்குப் போகும்போது மூல நிரலைக் கொண்டுபோய் அங்கேயே மறுபடியும் 'சுட' வேண்டும்.

ஊர் ஊராகப் போன ஒரு தொகுப்பி

விம்மின் கதையே ஓர் இடம்பெயர்வுக் கதைதான். 1976-இல் பில் ஜாய் என்ற அமெரிக்க மாணவர் யூனிக்ஸ் கணினிகளுக்காக 'வி' என்ற தொகுப்பியை எழுதத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-இல், டிம் தாம்ப்சன் அதைப் போன்ற ஒன்றை அட்டாரி எஸ்டி என்ற வீட்டுக் கணினிக்கு எழுதினார். அதன் பெயர் 'ஸ்டீவி'. மூல நிரலை அவர் எல்லாருக்கும் கொடுத்ததால் மற்றவர்கள் அதை யூனிக்ஸுக்கும் ஓஎஸ்/2-க்கும் அமிகா என்ற இன்னொரு கணினிக்கும் கொண்டுபோனார்கள்.

1988-இல் பிராம் மூலினார் என்ற நெதர்லாந்துக்காரர் ஓர் அமிகா கணினி வாங்கினார். அவருக்குப் பழக்கமான 'வி' அதில் இல்லை. ஸ்டீவியின் மூல நிரலை எடுத்து, பிழைகளைத் திருத்தி, வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். 1991 நவம்பரில் அது 'விம்' என்ற பெயரில் வெளிவந்தது. அமிகா பயனர்களிடையே சுற்றிய 'ஃபிஷ் டிஸ்க்' என்ற இலவச வட்டுத் தொகுப்பில் 591-ஆம் வட்டில் அது இருந்தது. மறு ஆண்டே யூனிக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று எங்கும் அது இருக்கிறது.

மூலினார் விம்மை இலவசமாகவே தந்தார். பயன்படுத்துவோர் விரும்பினால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் 2023 ஆகஸ்டில் காலமானார். 2024 ஜனவரியில் வந்த விம் 9.1 பதிப்பு அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

அடுப்பைச் சோதிக்கும் நிரல்

ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் யாராவது உட்கார்ந்து மூல நிரலைக் கையால் திருத்திக்கொண்டிருந்தால் வேலை முடியாது. 1980-களில் யூனிக்ஸே பல வகையாகப் பிரிந்து கிடந்தது. ஒரு நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த வசதி மற்றொன்றில் இருக்காது. 1991-இல் டேவிட் மெக்கன்சி என்பவர் 'ஆட்டோகான்ஃப்' என்ற கருவியை எழுதத் தொடங்கினார். மூல நிரலோடு சேர்த்து அனுப்பக்கூடிய 'கான்ஃபிகர்' எனும் சோதனை நிரலை அது உருவாக்கித் தரும்.

கான்ஃபிகர் செய்வது எளிமையானது. அது இயங்குதளத்திடம் கேள்வி கேட்பதோடு நிற்பதில்லை, செய்தும் பார்க்கிறது. சில வரிகளே உள்ள ஒரு குட்டி நிரலை எழுதும். அதைத் தொகுப்பானிடம் கொடுக்கும். தொகுத்துவிட்டால் 'இந்த வசதி இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும், தொகுக்க முடியாவிட்டால் 'இல்லை' என்று குறித்துக்கொள்ளும். குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போகும். திரையில் 'சோதிக்கிறேன்... உண்டு', 'சோதிக்கிறேன்... இல்லை' என்று வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

விம் செய்யும் ஒரு சோதனையை மட்டும் பார்ப்போம். ஒரு நீளமான பெஞ்சில் ஐந்து மாணவர்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஓர் இடம் காலி. இடது ஓரத்தில் புதிதாக ஒருவர் உட்கார வேண்டும் என்றால் ஐவரும் வலப்பக்கம் ஓர் இடம் நகர வேண்டும். யார் முதலில் நகர வேண்டும்? வலது ஓரத்தில் இருப்பவர். இடது ஓரத்தில் இருப்பவர் முதலில் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் மடியில்தான் உட்கார வேண்டும்!

ஒரு வரியின் நடுவில் நீங்கள் ஓர் எழுத்தைச் சேர்க்கும்போது கணினியின் நினைவகத்தில் இதுவேதான் நடக்கிறது. மீதி எழுத்துகள் எல்லாம் நகர வேண்டும். நகரும் முறை தவறினால் ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று ஏறி வரி சிதைந்துவிடும். இந்த நகர்த்தும் வேலையைச் செய்ய இயங்குதளத்தின் நூலகத்தில் ஒரு செயல்கூறு உண்டு. ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களையும் அது சரியாகக் கையாள்கிறதா என்று விம்மின் கான்ஃபிகர் ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்க்கிறது. அதே போல '32 பிட் எண்' என்று சொல்லப்படுவது உண்மையிலேயே 32 பிட்தானா என்றும் பார்க்கிறது. எதையும் பேச்சுக்கு நம்பாமல் சோதித்துப் பார்த்து முடிவு செய்வதுதான் அறிவியல் என்று ஆய்வுக்கூடத்தில் படிக்கிறோம் அல்லவா? இங்கும் அதே முறைதான்.

சோதனைகள் முடிந்ததும் விடைகள் இரண்டு கோப்புகளில் எழுதப்படுகின்றன. ஒன்று 'இது உண்டு, அது இல்லை' என்று மூல நிரலுக்குச் சொல்லும் பட்டியல். மற்றொன்று எந்தக் கோப்பை எந்த வரிசையில் தொகுக்க வேண்டும் என்று 'மேக்' என்ற கருவிக்குச் சொல்லும் குறிப்பு. மூல நிரலுக்குள் 'இந்த வசதி இருந்தால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய்' என்று இரண்டு வழிகளும் முன்பே எழுதப்பட்டிருக்கும். பட்டியலைப் பார்த்துத் தொகுப்பான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

ஹைக்கூ என்றோர் இயங்குதளம்

இனி, அதிகம் பேர் அறியாத ஓர் இயங்குதளத்துக்குப் போவோம். 1990-களில் 'பீ' என்ற அமெரிக்க நிறுவனம் 'பீஓஎஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 2001-இல் நிறுவனம் விற்கப்பட்டது. ஆனால் அதை நேசித்தவர்கள் அதைச் சாகவிடவில்லை. அதே ஆண்டில் அதைப் போன்ற ஒன்றைத் தாங்களே புதிதாக எழுதத் தொடங்கினார்கள். பீஓஎஸ்ஸின் இணைய உலாவி பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதையாகச் சொல்லும். அந்த நினைவாகப் புது இயங்குதளத்துக்கும் 'ஹைக்கூ' என்று பெயர் வைத்தார்கள். 2018 செப்டம்பரில் அதன் முதல் பீட்டா பதிப்பு வந்தது.

ஹைக்கூவில் விம்மைக் கட்டமைக்கும்போது என்னென்ன வித்தியாசங்களைச் சந்திப்போம்?

முதலாவது, பெயர். 'நீ யார்?' என்று கான்ஃபிகர் கேட்கும். 'ஹைக்கூ' என்று விடை வந்தால் அதற்கேற்ற கிளைக்குப் போகும். பெயரே தெரியாத இயங்குதளமாக இருந்தால் அந்தக் கிளையை யாராவது முதலில் எழுதிச் சேர்க்க வேண்டும். விம்மின் மூல நிரலில் ஹைக்கூவுக்கென்றே தனிக் கோப்புகள் இப்போது உள்ளன.

இரண்டாவது, நூலகங்கள். இணையத்தோடு பேசுவதற்கான செயல்கூறுகள் லினக்ஸில் அடிப்படை நூலகத்திலேயே இருக்கும். ஹைக்கூவில் அவை 'நெட்வொர்க்' என்ற தனி நூலகத்தில் இருக்கின்றன. மாறாக, லினக்ஸில் கணிதச் செயல்கூறுகளுக்குத் தனி நூலகம் கேட்போம், ஹைக்கூவில் அவை அடிப்படை நூலகத்துக்குள்ளேயே அடக்கம். புத்தகம் ஒன்றுதான், அலமாரிதான் வேறு. கான்ஃபிகர் அந்த அலமாரியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

மூன்றாவது, இடம். பெரும்பாலான யூனிக்ஸ் நிரல்கள் 'யூஸ்ஆர்' என்ற கோப்புறைக்குள் 'லோக்கல்' என்ற கோப்புறை இருக்கும் என்று எதிர்பார்க்கும். ஹைக்கூவின் வீட்டமைப்பு வேறு. இயங்குதளத்தின் கோப்புகள் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். நாமே தொகுத்தவற்றை வைக்க 'நான்-பேக்கேஜ்டு' என்ற தனி இடம் உண்டு. அதைக் கான்ஃபிகரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சரியாகத் தொகுத்த பிறகு கடைசிப் படியில் வேலை நின்றுவிடும்.

ஹைக்கூவாவது யூனிக்ஸுக்குத் தூரத்து உறவு. 1977-இல் பிறந்து இன்றும் 'ஓபன்விஎம்எஸ்' என்ற பெயரில் வாழும் இயங்குதளம் வேறு வம்சம். அங்கே கோப்பின் முகவரியைச் சாய்கோடு போட்டு எழுதமாட்டார்கள், கோப்புறையின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய கோப்பு அழியாது, பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் கூடிக்கொண்டே போகும். கான்ஃபிகர் நிரல் யூனிக்ஸின் கட்டளை மொழியில் எழுதப்பட்டது என்பதால் அதை அங்கே அப்படியே ஓட்ட முடியாது. ஆகவே சோதனை முடிவுகளின் பட்டியலை மனிதர்களே கையால் எழுதி, விம்மின் மூல நிரலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். தானியங்கி சோதனை இல்லாத இடத்தில் அந்த இயங்குதளத்தை அறிந்த ஒருவரின் அனுபவமே பட்டியலாக நிற்கிறது.

இதில் தமிழுக்கு என்ன?

'எனக்கு ஹைக்கூவும் வேண்டாம், விஎம்எஸ்ஸும் வேண்டாம். என் கணினியில் விண்டோஸ் இருக்கிறது' என்று நீங்கள் சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள்.

கட்டமைக்கும்போது எந்தெந்த வசதிகள் வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். விம்மில் 'மிகச் சிறியது', 'இயல்பானது', 'மிகப் பெரியது' என்று அளவுகள் உண்டு. சிறியதைத் தேர்ந்தெடுத்தால் நினைவகம் மிச்சமாகும், வசதிகள் குறையும். பல ஆண்டுகளாக அப்படி விட்டுவிடக்கூடிய வசதிகளில் ஒன்றாக 'பல பைட் எழுத்துகள்' என்பதும் இருந்தது. அது என்னவென்று தெரிய வேண்டுமானால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினியில் ஒரு பைட் போதும். தமிழுக்கு யூனிகோடில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் 'க' என்பதன் எண் 2965. உகரக் குறியின் எண் 3009. 'யூடிஎஃப்-8' எனும் முறையில் சேமிக்கும்போது இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகின்றன. 'க' என்பது 224, 174, 149. உகரக் குறி 224, 175, 129. ஆக, 'கு' என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட்டுகள்.

'குனோங் ராபாட்' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள்: கு, னோ, ங், ரா, பா, ட். இவை ஒவ்வொன்றும் ஓர் அடிப்படை எழுத்தும் ஒரு குறியும் சேர்ந்தது. ஆகவே கணினிக்கு 12 குறியீடுகள், நடுவில் ஓர் இடைவெளி. மொத்தம் 12 பெருக்கல் 3, கூட்டல் 1, அதாவது 37 பைட்டுகள்.

இப்போது 'பல பைட் எழுத்துகள்' என்ற வசதியை விட்டுவிட்டுத் தொகுத்த விம்மில் இந்த ஊர்ப் பெயரைத் திறந்தால் என்ன ஆகும்? அந்தத் தொகுப்பிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. அதற்கு இது 37 எழுத்துள்ள ஏதோ ஒன்று. நீங்கள் ஒருமுறை அழிப்பு விசையைத் தட்டினால் மூன்று பைட்டுகளில் ஒன்று மட்டும் போகும். மீதி இரண்டும் பொருளற்ற குப்பையாகிவிடும். யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், கட்டமைக்கும்போது தேர்ந்தெடுத்த ஒரே ஓர் அளவு, உங்கள் மொழியில் எழுத முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்துவிட்டது. 2019 டிசம்பரில் வந்த விம் 8.2 பதிப்பு முதல் இந்த வசதி எல்லா அளவுகளிலும் கட்டாயமாக இருக்கிறது.

யூனிகோடு பரவலாவதற்கு முன் 'டிஸ்கி' என்ற குறியீட்டு முறையில் தமிழ் எழுதினோம். 256 இடங்களில் முதல் 128-ஐ ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மீதியில் தமிழ் எழுத்து வடிவங்களை அடுக்கும் முறை அது. விம்மின் மூல நிரலில் இந்த டிஸ்கிக்கான தமிழ் விசைப்பலகைக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் ஏகப்பன் லட்சுமணன். பல ஆண்டுகளாக விம்முக்குப் பங்களித்துவரும் அவர், மூலினாரின் மறைவுக்குப் பிறகு விம்மைப் பராமரிப்பவர்களில் ஒருவராகவும் இருக்கிறார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் ஒரு தமிழர் தம் மொழிக்கு அதில் ஓர் இடம் போட முடிந்தது.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களிலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆனது. 2005-இல் கைப்பேசிக்கான 'செல்லினம்' வந்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவருடையதுதான். தமிழை நினைத்துப் பார்க்காமல் உருவாக்கப்பட்ட கணினிகளுக்குள் தமிழைக் கொண்டுபோவதும், ஒரு தொகுப்பியை அன்னிய இயங்குதளத்துக்குக் கொண்டுபோவதும் ஏறக்குறைய ஒரே வகை வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்து, இல்லாததை எழுதிச் சேர்க்க வேண்டும்.

அபூர்வ இயங்குதளம் தந்த பரிசு

மேலே யூடிஎஃப்-8 என்று ஒரு பெயர் வந்தது நினைவிருக்கிறதா? அது எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'பிளான் 9' என்ற இயங்குதளத்தை ஒரு சிறு குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. அன்றும் இன்றும் அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. உலகத்தின் எல்லா மொழிகளையும் அதில் எழுத வேண்டும் என்று அக்குழு விரும்பியது. 1992 செப்டம்பரில் ஓர் இரவு, நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிடப் போன கென் தாம்ப்சனும் ராப் பைக்கும், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் இந்த முறையை எழுதி முடித்தார்கள். சில நாள்களிலேயே பிளான் 9 முழுவதும் அதற்கு மாறியது.

அந்த முறையின் அழகைப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் முன்போலவே ஒரு பைட்டில் இருக்கும், பழைய கோப்புகள் எதுவும் கெடாது. 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது மூன்று பைட் எழுத்து. தொடரும் பைட்டுகள் 128-க்கும் 191-க்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே நடுவில் ஏதாவது சிதைந்தாலும் அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 'க'வின் மூன்று எண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாகப் பொருந்தும்.

இன்று நீங்கள் புலனத்தில் அனுப்பும் தமிழ்ச் செய்தியும், இணையத்தில் படிக்கும் தமிழ்ப் பக்கமும் இந்த முறையில்தான் பயணம் செய்கின்றன. பிளான் 9 பரவவில்லை. அதற்காகச் செய்த வேலை உலகமெங்கும் பரவிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கவனிக்க ஆளில்லாத இயங்குதளம் மெல்ல உதிர்ந்துபோகும். 2016-இல் வந்த விம் 8.0-இலிருந்து எம்எஸ்-டாஸுக்கும் ஓஎஸ்/2-க்கும் உரிய பகுதிகள் நீக்கப்பட்டன. யாரும் அதற்காகப் பகை பாராட்டவில்லை. அவற்றில் விம்மை ஓட்டிப் பார்த்து, 'இங்கே உடைந்திருக்கிறது' என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். மொழிக்கும் இது பொருந்தும். ஒரு மென்பொருளில் தமிழ் சரியாக வரவில்லை என்று ஒருவரும் சொல்லாவிட்டால், அதைச் செய்தவர்களுக்கு அது தெரியப்போவதே இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குப் புதுக் கணினி வேண்டாம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் 'மெய்நிகர் எந்திரம்' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுக் கணினி என்றால் பெற்றோரிடமும், பள்ளிக் கணினி என்றால் ஆசிரியரிடமும் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

1. மெய்நிகர் எந்திரத்தில் ஹைக்கூவை நிறுவுங்கள். விம்மின் தயார்நிலைப் பொதி அதில் கிடைக்கும். ஆனால் நாம் மூல நிரலிலிருந்து தொகுக்கப் போகிறோம்.

2. விம்மின் மூல நிரலை இறக்கி, கான்ஃபிகரை ஓட்டுங்கள். பெரும்பாலும் முதலில் வரும் தடை, 'முனைய நூலகம் இல்லை, என்கர்சஸ் போன்ற ஒன்றை நிறுவுங்கள்' என்பது. அதன் நிரலாளர் பொதியை நிறுவிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள்.

3. பிழை வந்தால் கடைசி வரியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். முதலில் வந்த பிழையைத் தேடுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிகள்தாம். கான்ஃபிகர் தான் செய்த ஒவ்வொரு சோதனையையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்து படியுங்கள்.

4. பிழை எந்தப் படியில் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். தொகுக்கும்போது என்றால் ஏதோ ஒரு அறிவிப்புக் கோப்பு இல்லை. இணைக்கும்போது என்றால் நூலகம் வேறு அலமாரியில் இருக்கிறது. ஓடும்போது என்றால் கோப்பின் இடமோ அனுமதியோ தவறு.

5. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். என்ன மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதுங்கள். அறிவியல் பரிசோதனைக்கு எழுதுவது போலவே.

6. தொகுத்த விம்மைத் திறந்து 'குனோங் ராபாட்' என்று எழுதுங்கள். சுட்டியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். எத்தனை முறை நகர்கிறது? அழிப்பு விசை எதை அழிக்கிறது? சேமித்த கோப்பின் அளவு என்ன?

கடைசிக் கேள்விக்கு விடை 37 என்று வரும் என எதிர்பார்த்தால், 38 என்று வரக்கூடும். வரியின் முடிவைக் குறிக்க விம் ஒரு பைட் சேர்க்கும். 41 என்று வந்தால்? 'னோ' எழுதும்போது ஓகாரக் குறி ஒரே குறியீடாகப் பதிவாகாமல் இரண்டு குறியீடுகளாகப் பிரிந்து பதிவாகியிருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும், பைட்டுகளை எண்ணினால்தான் வேறுபாடு புலப்படும்.

தமிழ் ஏதாவது ஓரிடத்தில் உடைந்தால் சோர்ந்துவிடாதீர்கள். என்ன இயங்குதளம், எந்தப் பதிப்பு, என்ன தட்டினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஐந்து வரி எழுதி, அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. 'னோ' என்பது ஓர் எழுத்து என்பதையும் நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.